ஆறு காத்தி மலை

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் காவடி எடுத்திருக்கிறேன். அதுவும் எடுக்கிறேன் என்று எனக்கே தெரியாமல். என் தோளில் இருந்தது காவடி என்பது அன்றைக்கு மலாக்காவின் காஜா பெராங் வட்டாரம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. நான் ஒருவன்தான் அதை மலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வயது இருபத்திரண்டு. தம்பின் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து மலாக்காவுக்கு வந்து, ஆற்றோரத்துக் கிட்டங்கியில் கொப்பரா மூட்டைகளின் மேல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். (ஊருக்குக் கடிதம் எழுதும்போது ‘கிட்டங்கியில் எழுத்து வேலை’ என்று குறிப்பிடுவேன். பொய்யில்லையே.) தங்கியிருந்தது காஜா பெராங்கின் கம்போங் செட்டிக் குடியிருப்பில், மாக் லெட்சுமி வீட்டின் பின்னறையில்.

மாக் என்றால் மலாயில் அம்மா. மாக் லெட்சுமிக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிவிட்ட செட்டிக் குடும்பங்களில் வீட்டுப் பேச்சே மலாய்தான். சாமி, பூசை என்று வரும்போது மட்டும் தமிழ் வார்த்தைகள் எட்டிப்பார்க்கும். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆகவே பின்னால் நடந்ததற்கெல்லாம் பாஷையின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. என் காது சரியில்லை, அவ்வளவுதான். ஒரு பொருளின் மேல் கவனம் போய்விட்டால் காதுக்கு வருவதெல்லாம் அப்படியே திரும்பிப் போய்விடும்.

அந்தப் பொருள் ஒரு தகர ஜீப்.

என் சிநேகிதன் ஹமீது பட்டணத்தில் தன் மாமாவின் கடையில் வேலை பார்த்தான். சாக்குக்கட்டியிலிருந்து சாம்பிராணி வரைக்கும் கிடைக்கும் கடை. அங்கே ஒரு நாள் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பன்னிரண்டு ஜீப்புகள். ஒவ்வொன்றின் பின்புறத்திலிருந்தும் இரண்டு கஜ நீளத்துக்கு ஒயர். ஒயரின் முனையில் பேட்டரிப் பெட்டி. அதில் இரண்டு பொத்தான். ஒன்றை அழுத்தினால் ஜீப் முன்னே போகும், இன்னொன்றை அழுத்தினால் பின்னே வரும். அட்டைப்பெட்டியின் மேலிருந்த படத்தில் அது ஒரு பாறையின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

“நெசமாவே ஏறுமா?” என்று கேட்டேன்.

“படம் போட்டிருக்கான்ல,” என்றான் ஹமீது.

“படத்துல ஏறுது. நெசத்துல?”

இந்த ஒரு கேள்வி எங்கள் இரண்டு பேரையும் இரண்டு மாதம் தூங்க விடவில்லை. கடைக்குப் பின்னால் சாலை போடுவதற்காகச் செம்பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். கிட்டங்கி விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன். முதல் நாள் ஜீப் ஒரு சாண் ஏறி மல்லாந்தது. சக்கரம் வழுக்குகிறது என்று கண்டுபிடித்து, பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிச் சக்கரத்தில் சுற்றினோம். இரண்டு சாண் ஏறியது. மூக்கு தூக்குகிறது என்று கண்டுபிடித்து, தூண்டில் ஈயத்தை முன்பக்கம் கட்டினோம். மூன்று சாண். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், புது பேட்டரியைவிடப் பாதி தீர்ந்த பேட்டரியில்தான் அது நன்றாக ஏறியது! புது பேட்டரி போட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புழுதி கிளப்பும். தளர்ந்த பேட்டரியில் ஜீப் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து, யோசித்து, மெதுவாக ஏறும். எதிர்க்கடைச் சீனத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு வந்து நின்று, அது உச்சிக்குப் போகும்வரை மூச்சுவிடாமல் பார்ப்பார். அது விழுந்தால் எங்களைத் திட்டுவார்.

ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு புது மனிதரும் இருந்தார். தெங்கேரா பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். கடைக்குச் சாக்குக்கட்டி வாங்க வந்தவர்.

“இதை வெச்சே பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துரலாம் போலிருக்கே,” என்றார். “சரிவு, உயரம், பாரம் எல்லாம் இதுல இருக்கு. நீங்க என்னா வேலை பாக்குறீங்க, தம்பி?”

“கிட்டங்கில எழுத்து வேலை, சார்.”

“எங்களுக்குக் கைவேலை வாத்தியார் ஒருத்தர் தேவைப்படுது. வாரியத்துல ரெண்டு பேரு நேர்ல பாக்கணும்னு சொல்லுவாங்க. அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு இந்த மலையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வாங்க.”

“இந்த மலையையா, சார்?”

“இதை இல்ல லா. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு. ஒரு ஆள் தூக்கற மாதிரி லேசா இருக்கணும். வகுப்பு வகுப்பா எடுத்துக்கிட்டுப் போகணும்ல? பத்து மணிக்கு மேல நாங்கல்லாம் கோயிலுக்குப் போயிருவோம், அன்னைக்குக் கோயில்ல விசேஷம். அதனால நேரத்தோட வந்துருங்க.”

கோயில், விசேஷம் என்று அவர் சொன்னதை எல்லாம் முடிந்த பிறகுதான் ஹமீது எனக்குச் சொன்னான். ‘வாத்தியார்’ என்ற வார்த்தை விழுந்த காதில் மலையும் எட்டரை மணியும் தவிர வேறெதுவும் ஏறவில்லை. என் அப்பா கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டுகிறவர். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, கையில் பால் நாற்றம் போகாமலே சாப்பிட உட்காருகிறவர். தோட்டத்துப் பள்ளி வாத்தியார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். அவருடைய மகனை யாராவது ‘சார்’ என்று கூப்பிடுவதை அவர் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முதல் மலை சிமெண்டில். காய்ந்த பிறகு நானும் ஹமீதும் அதைத் தூக்கப் பார்த்தோம். அது தூக்க வரவில்லை. (மாக் லெட்சுமி அதன் மேல் துணி துவைக்க ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் அதிலேதான் துவைத்தார்.) இரண்டாவது மலை பலகையில். பாறை மாதிரி இல்லை, கோழிக்கூடு மாதிரி இருந்தது. கோழிகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

கிட்டங்கியில் ஒரு மத்தியானம் யாரோ ரோத்தான் பிரம்புக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பாரத்தைத் தாங்குகிற கூடையை ஒரு விரலால் தூக்க முடிகிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு மூட்டைக்குத் தப்பு நம்பர் எழுதினேன். அன்று மாலையே ரோத்தானை வளைத்துக் கூடு கட்டினேன். மேலே மூங்கில் பிளாச்சு. அதன் மேல் பழைய பத்திரிகைக் காகிதத்தை மரவள்ளி மாவுக் கஞ்சியில் நனைத்து நான்கு அடுக்கு ஒட்டி வெயிலில் காயவைத்தேன். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்டது. பள்ளம், மேடு, ஒரு பாலம், ஜீப் எப்படியும் ஒரு தடவையாவது விழுந்தே தீரவேண்டிய ஒரு செங்குத்துச் சரிவு எல்லாம் வைத்தேன். கிட்டங்கித் தராசில் நிறுத்தேன். ஆறு காத்தி, கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ. ஒரு கொழுத்த வாத்தின் எடை!

எடை சரி. ஆனால் அகலம்? வாசலிலேயே நுழையவில்லை. ஆகவே மலையை இரண்டாக அறுத்தேன். தூக்கிப் போக வசதியாக நடுவில் ஒரு ரோத்தானை வில் மாதிரி வளைத்துக் கட்டி, அந்த வில் என் தலைக்கு மேலே வர, இரண்டு பாதி மலையும் தோளின் இரண்டு பக்கமும் தொங்கும்படி அமைத்தேன். இப்படி ஒரு வடிவம் இதுவரை உலகத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

பாறை நிறத்தில் பெயிண்ட் கேட்டேன். ஹமீதிடம் இருந்தது மஞ்சள்தான். பரவாயில்லை என்று மஞ்சளே அடித்தேன். மலையென்றால் மரம் வேண்டாமா? பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்துச் செருகினேன்.

இத்தனைக்கும் நடுவில் மாக் லெட்சுமி வீட்டில் மீன் நின்றுபோனது. முதல் நாள் கத்தரிக்காய். இரண்டாம் நாள் பருப்பு. மூன்றாம் நாளும் பருப்பு. நான் கஞ்சி காய்ச்சிச் சட்டியைத் தீய்த்த கோபம்தான் இது என்று முடிவு செய்து, வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். (நான்காம் நாள் பொறுக்க முடியாமல் பட்டணத்தில் ஆட்டுக் குழம்பு சாப்பிட்டேன். இதை நான் மாக் லெட்சுமியிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.) அவர் மூன்று தடவை அறை வாசலில் வந்து நின்று ஞாயிற்றுக்கிழமை பற்றி என்னவோ சொன்னார். மூன்று தடவையும் நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே “யா, மாக், யா” என்றேன். சனிக்கிழமை, மஞ்சள் பூசி வேப்பிலை செருகிய மலையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. “பகூஸ்,” என்றார் மெதுவாக. நல்லது என்று அர்த்தம். என் கைவேலையைப் பாராட்ட ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று நானும் கலங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. ஹமீதிடம் இரவல் வாங்கிய சப்பாத்து கடித்ததால் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். தோள் உறுத்தாமல் இருக்க ஒரு மஞ்சள் துண்டு. ஜீப்பை மலையின் முன்பக்கத்தில் சணலால் கட்டியிருந்தேன். அது ஆடி ஆடிக் கிணுகிணுவென்றது. பேட்டரிப் பெட்டி சட்டைப் பையில்.

வேறு யாராவது அப்படி வந்திருந்தால் நானே கும்பிட்டிருப்பேன்.

சாலை முனையில் திரும்பினேன். எதிரே ஒரே கூட்டம். உருமி, மேளம், பால்குடம். நான் ஓரமாக ஒதுங்கினேன். கூட்டமும் மரியாதையோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டது. ஒரு அம்மாள் ஓடி வந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் காலில் கொட்டினாள்.

“ஐயோ, வேணாங்க,” என்றேன். “நான் தெங்கேராவுக்குப் போறேன்.”

“எங்க இருந்து வந்தா என்னா தம்பி, எல்லாம் ஆத்தா பிள்ளைங்கதான்,” என்றாள் அவள்.

“இது காவடி இல்லைங்க. மலைங்க!”

“மலைதாம்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் உருகியது. “மலையே வந்துருச்சுப்பா!”

மேளக்காரர்கள் எனக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். இரண்டு கையும் மலையைப் பிடித்திருக்க, அந்த நெரிசலில் என்னால் திரும்பக்கூட முடியவில்லை. தெங்கேரா என் முதுகுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. காதருகில் உருமி அடித்தால் கால் தானாக ஒரு மாதிரி போடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் நெரிசலிலிருந்து தப்பிக்க இந்தப் பக்கம் ஒரு எட்டு, அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தேன். “ஆடுறாரு, ஆடுறாரு!” என்றார்கள். இன்னும் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை மேலிருந்து.

கோயில் வாசலில் மாக் லெட்சுமி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். பிறகு சுற்றியிருந்தவர்களிடம் மலாயில் உரக்க அறிவித்தார்: இந்தப் பிள்ளை என் வீட்டில்தான் இருக்கிறான், பத்து நாளாகப் பருப்பு மட்டும்தான் சாப்பிட்டான், மீன் ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ராப்பகலாக உட்கார்ந்து தன் கையாலேயே கட்டினான். கேட்டவர்கள் என்னை வேறு மாதிரி பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பருப்பு, ஞாயிற்றுக்கிழமை, ‘பகூஸ்’, எல்லாம். ஆட்டுக் குழம்பும் ஞாபகம் வந்தது. முதுகு சில்லிட்டது.

முதுகு சில்லிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மலை கரைந்துகொண்டிருந்தது.

மரவள்ளிக் கஞ்சி காய்ந்தால் கல். நனைந்தால் மறுபடியும் கஞ்சி. இதை நான் பத்து நாளில் ஒரு முறையாவது சோதித்துப் பார்த்திருக்கலாம். மஞ்சள் பெயிண்ட் தோலாக உரிந்தது. உள்ளேயிருந்து பழைய சினிமா விளம்பரமும் கால்பந்துச் செய்தியும் வெளியே வந்தன. வலது பாதி மலை ஒரு பெருமூச்சு விட்டுத் தொங்கியது. பிறகு பொத்தென்று தரையில் விழுந்தது.

மேளம் நின்றது.

காவடி சரிந்தால் என்ன அர்த்தம் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை முகமும் வெளுத்துவிட்டது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மாக் லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயமும் வெட்கமும் வந்தன. பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து, ஈரக் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

அறுந்த சணலோடு ஜீப் கிடந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில் நான் சட்டைப் பையைப் பிடித்தேன். பொத்தான் அழுந்திவிட்டது. ஜீப் விர்ரென்று கிளம்பி, பூசாரியின் காலுக்கு நடுவில் புகுந்து, ஒயர் முடியும்வரை ஓடி நின்றது.

“என்னாப்பா இது?” என்றார் பூசாரி.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். மலை, வாத்தியார் வேலை, எட்டரை மணி, காதில் விழாமல் போன ஞாயிற்றுக்கிழமை. (ஆட்டுக் குழம்பைத் தவிர.) அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். பூசாரி ஜீப்பைக் கையில் எடுத்து, சக்கரத்தில் சுற்றியிருந்த டியூப்பைத் தடவிப் பார்த்தார்.

“ஏறுமா?” என்று கேட்டார்.

“ஏறுங்க, சாமி.”

“எங்க, ஏத்து பாப்போம்.”

நனையாமல் தப்பியிருந்த இடது பாதியைக் கோயிலுக்கு வெளியே மரத்தடிக்குக் கொண்டு போனார்கள். பால்குடக்காரர்கள், மேளக்காரர்கள், அழுத பெண் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எனக்கு நேர் எதிரே, வாரியத்து ஆட்கள் இரண்டு பேரோடு, தலைமையாசிரியர் நின்றிருந்தார். பத்து மணி ஆகியிருந்தது போலும்.

“எட்டரைக்கு வரச் சொன்னேன்,” என்றார்.

“வந்துகிட்டே இருந்தேன், சார்.”

பொத்தானை அழுத்தினேன். ஜீப் பள்ளத்தைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. சரிவின் அடியில் நின்று, தடவி, மெதுவாக ஏறியது. அத்தனை பெரிய கூட்டத்தில் அந்தச் சின்ன மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது. முக்கால் மலை ஏறியிருக்கும். அங்கே ஒரு இடம் மட்டும் நனைந்திருக்கிறது. சக்கரம் கஞ்சியில் இறங்கிச் சுழன்றது. ஒரு பெரிய உருண்டை பறந்து போய்த் தலைமையாசிரியரின் சலவை வேட்டியில் ஒட்டியது. ஜீப் மலையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்து, அங்கேயிருந்து வண்டு மாதிரி ரீங்காரம் செய்தது.

முதலில் சிரித்தது மாக் லெட்சுமிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு பூசாரி. அதற்கப்புறம் யார் என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தலைமையாசிரியர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே கிட்டே வந்தார். “கோயில் விசேஷம்னு நான் அன்னைக்கே சொன்னேனே, தம்பி. உங்களுக்கு என்னாதான் கேட்டுச்சு?”

“வாத்தியார்னு கேட்டுச்சு, சார்.”

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வேலைக்கு மறு மாதம் வேறொருவர் வந்தார். நல்ல வாத்தியார் என்று கேள்வி.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு மனிதர் மட்டும் போகவில்லை. லோரி ஓட்டுகிறவர், பெரிய உடம்பு, ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தது. என் ரோத்தான் கூட்டை ஒற்றை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். “இம்மாம் பெரிசு, எப்படி இம்மாம் லேசா இருக்கு?” என்று கேட்டார். அன்று முழுவதும் எவரும் கேட்காத கேள்வி அது. மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். விபத்தில் தோள் அடிபட்டவர். வேண்டுதல் பாக்கி இருக்கிறது, கனமான காவடி தூக்க முடியாது. அடுத்த வருஷத்துக்கு ஒன்று கட்டித் தர முடியுமா என்றார்.

கட்டிக் கொடுத்தேன். இந்த முறை கஞ்சி இல்லை; துணியின் மேல் கித்தாப் பால் பூசி, ஒரு மழை நாள் முழுக்க வெளியே வைத்துச் சோதித்த பிறகுதான் கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எத்தனையோ வருஷம் கிட்டங்கி வேலையோடு அந்த வேலையும் நடந்தது.

அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை, கோயிலில் காவடி எடுத்தேன் என்று. யாரையோ எழுதச் சொல்லி அவரிடமிருந்து பதில் வந்தது: ‘வேலை கிடைக்கணும்னு எடுத்தியா, கிடைக்கலைன்னு எடுத்தியா? நான் யாருக்கு என்னான்னு சொல்றது?’

என் மனைவி மூவார் ஊர்க்காரி. சம்பவம் நடந்தபோது எனக்கு அவளையும் தெரியாது, அவளுக்கு மலாக்காவையும் தெரியாது. ஆனால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வது அவள்தான். அவள் சொல்லும்போது மலை பத்தடி உயரம். தலைமையாசிரியருக்குத் தலை முதல் கால் வரை கஞ்சி. எங்கள் வீட்டிலிருந்து யார் எந்தப் பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாலும், “இன்னைக்குக் கோயில்ல ஒண்ணும் இல்லையே?” என்று கேட்பாள். மகன் குளிர்பெட்டியைத் தூக்கி லோரியில் ஏற்றியபோது கேட்டாள். மகளின் கல்யாணச் சீர் கிளம்பியபோது சம்பந்தி வீட்டாரின் முன்னாலேயே கேட்டாள்.

இப்போது பேத்தி ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். அவளும் அவள் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் ஏற்றுகிறார்கள். ஒயரே இல்லாத ஜீப். ஒவ்வொரு சக்கரமும் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தனித்தனியாக ஏறி இறங்குகிறது. போன மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சு மாதிரி ஒரு பொருளில் மலை செய்தார்கள். மடித்து வைக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தும் பார்த்தேன். என்னுடையதைவிட லேசு. வயிறு கொஞ்சம் எரிந்தது.

பேத்தியோடு வேலை செய்யும் மலாய்ப் பையன் ஒருவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நிறுத்தியிருந்த காடியை நோக்கி நடந்தான். என் மனைவி வாசலுக்கு வந்து, அவனுக்குப் புரிய வேண்டுமே என்று மலாயிலேயே கேட்டாள், இன்றைக்குக் கோயிலில் ஏதாவது இருக்கிறதா என்று.

பேத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். கதை தெரியாத அந்தப் பையன் பாவம், மலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அக்கறையாகத் தேடிப் பார்த்தான்.

“இன்றைக்கு ஒன்றும் இல்லை, பாட்டி,” என்றான் மலாயில்.

“சரி, அப்போ போ,” என்றாள் என் மனைவி.